சின்னப் பலகைக்கு இரண்டு கொக்கிகள்

பாகூர் கடைத்தெருவில் என் கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் அளவைக் கேட்க மாட்டேன். "வூட்டுல யாராவது முழுகாம இருக்காங்களா?" என்றுதான் கேட்பேன். இல்லை என்றால்தான் டப்பாவைத் திறப்பேன். இருக்கிறார்கள் என்றால், குழந்தை பிறந்து தலை நின்ற பிறகு வா என்று அனுப்பிவிடுவேன். கர்ப்பிணி இருக்கும் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள பேச்சுதான். ஆனால் ஆணி விற்கிறவளே அதைக் கேட்டு வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வது ஊருக்கு வேடிக்கை. "இன்னாக்கா, என் பொண்டாட்டி பேரன் எடுத்துட்டா, அவளப் போயி கேக்குறியே" என்பார்கள். "உனுக்குத் தெரியாம உன் மருமவ இருப்பா. போயி கேட்டுகினு வா" என்று நானும் விடமாட்டேன்.

கடையின் பெயர் 'உத்திராபதி ஹார்டுவேர்ஸ்'. உத்திராபதி என் வீட்டுக்காரர். அவர் மோட்டார் இறக்கவும் பைப்பு போடவும் வயல்வயலாகப் போய்விடுவார். பெயர்ப்பலகையில் அவர், கல்லாவில் கஸ்தூரி. இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறை இல்லை.

அரிகரன் என்னிடம் வந்தது ஆடிக் காற்று ஆரம்பித்திருந்த சமயம். ஏரிக்கரைத் தெருப் பையன். கம்பெனியில் ஷிப்டு வேலை. போன கார்த்திகைப் புயலில் அவன் வீட்டுப் பின்னால் நின்ற வேப்ப மரம் சாய்ந்துவிட்டது. விழுந்த மரத்தை எல்லாரும் விறகுக்குக் கொடுத்தார்கள். இவன் மட்டும் அடிமரத்தை வில்லியனூருக்கு ஏற்றிப் போய் அறுத்து, பலகையாக்கி, மாசக்கணக்கில் காயப் போட்டு வைத்திருந்தான். வேலை இல்லாத நேரத்தில் உளியும் கையுமாக உட்கார்ந்து எழுத்து வெட்டியிருக்கிறான். போனில் படம் காட்டினான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வந்திருந்தது. 'ஜெயசுதா இல்லம்' என்று எழுத்துகள் உள்ளே இறங்கியிருந்தன. சுற்றிலும் ஒரு கொடி. ஜெயசுதா அவன் பெண்டாட்டி.

"உங்க அம்மா இருக்கச்சொல பொண்டாட்டி பேரா? தைரியம்தான்டா தம்பி" என்றேன்.

"அம்மா ரெண்டு நாளு பேசல. அப்பால சரியாயிட்டாங்க. இப்ப அது இல்ல பிரச்சினை." அவன் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தான். "சுவத்துல ஆணி அடிக்காம மாட்டணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கி, ஜெயசுதா முழுகாமல் இருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். அவன் அம்மா கலியம்மாள் வீட்டில் போட்டிருந்த சட்டம் எனக்குத் தெரியும்: சுவரில் எதுவும் இறங்கக் கூடாது. காலண்டர் மாட்டுகிற ஆணி கழன்று விழுந்ததற்குக்கூட மறுபடி அடிக்காமல், காலண்டரை நாற்காலியில் சாத்தி வைத்திருந்தார்கள்.

"வாசல்ல மேல ஃபேன் கொக்கி வுட்டுருக்கா?" என்று கேட்டேன்.

"ஆம்மா. காங்கிரீட்டு போடச்சொலயே வுட்டது."

"அப்புறம் இன்னா? அதுலேந்து சங்கிலி இறக்கு. பலகைக்கு மேல ரெண்டு வளையம் முறுக்கு. நடுவுல எஸ் கொக்கி போட்டு தொங்க வுடு. சுவத்த தொடவே வேணாம்."

இரும்புச் சங்கிலி வேண்டாம் என்றேன். கடல் இரண்டு ஊர் தள்ளித்தான் இருக்கிறது, துரு இறங்கிப் பலகையில் பழுப்புக் கோடு வடியும். துருப்பிடிக்காத எவர்சில்வர் சங்கிலியை அளந்து வெட்டிக் கொடுத்தேன். வளையத்துக்குப் பித்தளை. அவன் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, பித்தளைக் கொக்கி டப்பாவிலிருந்து சின்னதாக இரண்டைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இது எதுக்கு?"

"பலகைல மிச்சம் ஒரு துண்டு இருக்குது. சின்னதா இழைச்சு வச்சிருக்கேன். பேரு வச்சப்புறம் வெட்டணும். தொட்டிலுக்கு மேல மாட்டலாம்னு."

அவன் உள்ளங்கையிலிருந்து இரண்டு கொக்கிகளையும் எடுத்துவிட்டேன். பிறக்காத பிள்ளைக்கு எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாதா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. "இது இங்கியே இருக்கட்டும். பொறந்தப்புறம் வா, நானே தரேன்" என்று ஒரு காகிதத்தில் மடித்து மேசை இழுப்பறையில் போட்டேன். அவனும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுப் போனான்.

இரண்டு நாளில் திரும்பி வந்தான். ஏரிக்காற்று பலகையை நிற்கவே விடவில்லையாம். சுழன்றுகொண்டே இருக்கிறதாம். சங்கிலி முறுக்கி முறுக்கிக் கட்டையாகி, பிறகு தானே அவிழ்ந்து எதிர்ப்பக்கம் முறுக்குகிறதாம். பாதி நேரம் தெருவுக்குப் பலகையின் முதுகுதான் தெரிகிறது என்றான். "ஜெயா படியில உக்காந்துகினு அதையே பாத்துகினு இருக்குறாக்கா. தலை சுத்துதுன்றா, ஆனா எழுந்து போவ மாட்டேன்றா."

அடுத்ததாக ஒட்டுகிற கொக்கி கொடுத்தேன். பின்னால் பசை இருக்கும், சுவரில் அழுத்தினால் போதும். சுண்ணாம்பு உதிர்கிற சுவரில் அது நிற்காது என்று சொல்லித்தான் கொடுத்தேன். சொன்னபடியே ஒரு மத்தியானம் பலகை பொத்தென்று விழுந்து, 'இல்லம்' என்பதில் ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. கலியம்மாள் தூக்கம் கலைந்து எழுந்து வந்து, பலகையை எடுத்துச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாளாம்.

மூன்றாவது தடவை அவன் வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "பிளக்கும் ஸ்க்ரூவும் குடுங்கக்கா. டிரில் மிஷின் கூட்டாளிகிட்ட இருக்குது."

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றான். "ஜெயாதான் போடச் சொல்றா. ஆவணில வளைகாப்பு. அம்மா வூட்டுக்குப் போனா புள்ளையோடதான் வருவேன், போவறதுக்குள்ள என் பேரு சுவத்துல நின்னு ஒருவாட்டி பாக்கணும்ன்றா. இவ்ளோ நாளா இவகிட்ட யாரும் இன்னா வேணும்னு கேக்கவே இல்ல. மாத்திர சாப்டு, ஊசி போடு, கோயிலு சுத்து, அவ்ளோதான். இது ஒண்ணுதான் அவளா கேட்டா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆணின்னாதான அடிக்கணும்? இது முறுக்குறதுதான?" என்றான்.

அந்த நியாயம் எனக்கே சிரிப்பாக இருந்தது. அம்மா கண்ணில் மண்ணைத் தூவ ஒரு வழி கிடைத்துவிட்டது என்று அவனும் சிரித்தான். கொடுத்தேன். துளைக்குள் இறக்குகிற நல்ல பிளாஸ்டிக் பிளக்கு, அதில் முறுக்க நீளமான ஸ்க்ரூ. கலியம்மாள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், ஜெயசுதா கீழே முறம் பிடித்துத் தூளை ஏந்த, அவன் துளை போட்டு மாட்டிவிட்டான். மறுநாள் கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, கடை வாசலிலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

வளைகாப்புக்கு நானும் போயிருந்தேன். வாசலில் நிமிர்ந்து பார்த்தேன். பலகை அசையாமல் நின்றது. பெயர்ந்த மூலையில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, தெரியாதபடி தேய்த்திருந்தான். ஜெயசுதா கை நிறைய வளையலோடு என்னிடம் வந்து, "நீங்க குடுத்ததுதான?" என்று காதோடு கேட்டுச் சிரித்தாள். அன்று சாயங்காலமே அவளைக் கரையாம்புத்தூருக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, அழைத்துப் போனார்கள்.

புரட்டாசியில் சேதி வந்தது. பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ரெண்டு நாளாக அசைவு இல்லையே என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டது என்று டாக்டர் சொன்னாராம். பெண் குழந்தை. பால் வாங்கப் போன ஏரிக்கரைத் தெருக்காரி ஒருத்தி கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அளந்துகொண்டிருந்த கயிற்றை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்து ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் இப்படிப் போன பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. பெயர் வைப்பதில்லை, படம் எடுப்பதில்லை, காரியம் செய்வதில்லை. துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, தாயிடம் இடத்தைக்கூடச் சொல்ல மாட்டார்கள். துக்கம் கேட்கவும் யாரும் வருவதில்லை. கேட்டால் இன்னும் நோகும் என்று நினைக்கிறார்கள். கேட்காவிட்டால் எவ்வளவு நோகும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். அரிகரன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. "பட்டி குடுங்கக்கா. கொஞ்சம் ஒயிட் சிமெண்ட்டும். சுவத்துல ஓட்டை இருந்ததே தெரியக் கூடாது."

"எந்த ஓட்டை?"

அவன் ஸ்க்ரூ டப்பாவைக் கண்ணால் காட்டினான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் மேல் இல்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை. "டாக்டர் இன்னாடா சொன்னாரு? கொடி சுத்திக்கிச்சுன்னாரா, இல்ல பிளக்கு சுத்திக்கிச்சுன்னாரா?" என்று கத்தினேன். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அவ வர மாட்டேன்றாக்கா." அவன் மெதுவாகத்தான் பேசினான். "போன் பண்ணா எடுக்கறா, ஒண்ணும் பேச மாட்டேன்றா. அந்தப் பலகைய எடு, அத எடுக்காம நான் அந்த வூட்டுல கால் வைக்க மாட்டேன்னு ஒரே ஒரு வாட்டி சொன்னா. அவ்ளோதான். துளை போட்டது நான்தான? மிஷின் போட்டப்ப அவ நிழலு சுவத்து மேல இருந்துச்சு. வயித்து நிழலு. அது மேலியேதான் போட்டேன். அப்ப தோணல. இப்ப கண்ண மூடுனா அதான் தெரியுது."

"அம்மா இன்னா சொல்றாங்க?"

"அதுதான். ஒரு வார்த்த சொல்லல. திட்டுனா கூட பரவால்ல. சோறு போட்டு வச்சிட்டு போயிடுறாங்க."

அவன் முன்னால் அழக் கூடாது என்று அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ தேடுவதுபோல் நின்றேன். பட்டி இருந்தது, கண்ணெதிரே இருந்தது. "ஸ்டாக்கு இல்ல. அடுத்த வாரம் வா" என்றேன். அந்த ஓட்டையை அடைத்துவிட்டால், அந்த வீட்டில் எல்லாரும் அதுதான் காரணம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

அவன் போன மறுநாள் கலியம்மாளே வந்தாள். எனக்கு மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்தவள் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள்.

"கஸ்தூரி, நீதான ஸ்க்ரூ குடுத்த?"

திட்ட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டட்டும் என்று, "ஆம்மாக்கா" என்றேன்.

"எனுக்கு அன்னிக்கே தெரியும். கோயிலுலேந்து வந்து பாத்தேன். பெருக்கிதான் வச்சிருந்தாங்க. ஆனா வாசக்கால் ஓரத்துல செவப்பா செங்கத் தூளு நின்னுது. மேல பாத்தா பலகை."

"ஏங்க்கா கேக்கல?"

"அவ படியில உக்காந்துகினு பேர பாத்துகினு இருந்தா. அவ்ளோ நாள்ல நான் அந்த மூஞ்சிய பாத்ததே இல்லடி. நான் வந்தத கூட பாக்கல. எப்புடி கேக்குறது? போட்டது போட்டாச்சு, இனிமே கத்தி இன்னா ஆவப் போவுதுன்னு உள்ள போயிட்டேன்." கலியம்மாள் குரல் உடைந்தது. "ஒரு எலுமிச்சம்பழமாவது சுத்திப் போட்டிருக்கலாம். அது கூட செய்யல. ஏன் செய்யல தெரியுமா? என் பேர வைக்கலியேன்னு ஒரு பொருமல் இருந்துச்சு. வூடு கட்ட நகைய வித்தவ நான், பேரு அவளுதான்னு. வெளிய சொல்லல, உள்ள வச்சிருந்தேன். அந்தப் பொருமல்தான்டி குழந்தைய..."

நான் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் டிராக்டர்கள் கரும்பேற்றிக்கொண்டு போயின. அவள் அழுது முடிக்கிறவரை இரண்டு பேர் ஏதோ கேட்டு வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"நீ என் கூட கரையாம்புத்தூர் வரியா?" என்று கேட்டாள். "அவகிட்ட சொல்லணும், என் மேலதான் தப்புன்னு. எனுக்கு தனியா போவ பயமா இருக்குது."

வருகிறேன் என்றேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னலை மூடி, வேர்த்து நனைந்து போய்ச் சேர்ந்தோம். பஸ் ஏறுமுன் கலியம்மாள் பழக்கதோஷத்தில் ஆப்பிளோடு ரெண்டு முழம் மல்லிப்பூவும் வாங்கியிருந்தாள். ஜெயசுதா கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கலியம்மாள் பூப்பொட்டலத்தைப் பிரித்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயைப் பொத்தினாள். அவள் அம்மா ஓடிவந்து பூவை வாங்கி வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

"பால் கட்டிக்கிச்சு" என்றாள் அந்த அம்மா, தாழ்ந்த குரலில். "மல்லிப்பூ வச்சு மாரைக் கட்டிதான் நிறுத்துனோம். அதுலேந்து அந்த வாசனையே ஆவல."

கலியம்மாள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வரும்போது பஸ்ஸில் என்னிடம் மூன்று தடவை ஒப்பித்துப் பார்த்த பேச்சு எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கடைசியில், "எனுக்கு தெரியும்டி, ஜெயா. ஸ்க்ரூ போட்டது எனுக்கு தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன். ஓம்மேல தப்பு இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

ஜெயசுதா தலையசைத்தாள். "ஸ்க்ரூ இல்ல அத்த."

"இன்னாடி?"

"சங்கிலி." அவள் விரலால் காற்றில் சுற்றிக் காட்டினாள். "ஸ்க்ரூ போடறதுக்கு முன்னால சங்கிலில தொங்குச்சே. காத்துல முறுக்குச்சே. நான் ரெண்டு நாளா அதையே பாத்துகினு இருந்தேன். முறுக்கும், முறுக்கும், அப்புறம் கட்டையாயிடும். டாக்டர் கொடி சுத்திக்கிச்சுன்னாரு. சொன்னதுமே எனுக்கு சங்கிலிதான் தெரிஞ்சுது. நான்தான பாத்தேன்? எழுந்து உள்ள போயிருக்கலாம்ல?"

சுவரைத் தொடாமல் மாட்ட, பத்திரமாக, யோசித்து யோசித்து நான் வெட்டிக் கொடுத்த சங்கிலி. ஆணி வேண்டாம் என்றால் சங்கிலி. சங்கிலியே கொடுக்காமல் முதலிலேயே பசைக் கொக்கியைக் கொடுத்திருந்தால், இவள் பசையைச் சொல்லியிருப்பாள். அவன் ஸ்க்ரூ என்கிறான், இவள் சங்கிலி என்கிறாள், கிழவி மனசில் இருந்த பொருமல் என்கிறாள். ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தருக்கும் தெரியாமல் தன்னையே குத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்குத் தெரிந்தது எல்லாம் கஸ்தூரிக்குப் பிள்ளை இல்லை என்பது மட்டும்தான்.

"எனுக்கும் அப்புடித்தான் கட்டுனாங்க" என்றேன்.

"இன்னா?"

"மல்லிப்பூ."

ஜெயசுதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன புதுசுல. ஒம்போதாவது மாசம். அப்ப எங்க ஊரு சேதராப்பட்டு பக்கம். இங்க வந்து கட வச்சது அப்பாலதான். அதான் இங்க யாருக்கும் தெரியாது."

"நீங்க இன்னா செஞ்சீங்க?"

அந்தக் கேள்வியில் ஒரு ஆசை இருந்தது. நானும் ஏதோ செய்துதான் இழந்தேன் என்று சொல்ல மாட்டேனா என்ற ஆசை. அது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அந்தக் கேள்வியை என்னிடமே நான் கேட்டுத் தீர்ந்ததில்லை.

"ஒண்ணும் செய்யலடி. எங்க மாமியாரு சொன்ன ஒண்ணையும் மீறல. கிரகணத்துக்கு வெளிய வரல. ராத்திரில கெணத்தாண்ட போவல. ஊசில நூலு கோக்கல, கத்தி புடிக்கல. ஆணியா? சாமி படம் வாங்கி வச்சது, புள்ள பொறந்தப்புறம் மாட்டலாம்னு பொட்டிலியே வச்சிருந்தோம். எங்க வூட்டுக்காரரு பக்கத்து வூட்டுல அடிக்க வேணாம்னு கூட போயி சொல்லிட்டு வந்தாரு. எங்க வூட்டுல சுவத்துல எதுவும் எறங்கல. எதுவும் தொங்கல. அப்புடியும் போச்சு."

மழை ஓட்டில் இரைந்தது. ஜெயசுதா முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்புறம் ஏன்?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றேன். "இன்னி வரைக்கும் தெரியல."

"அப்புறம் ஏன் கடைல எல்லாரையும் கேக்குறீங்க?"

"ஆணி அடிச்சா ஆவாதுன்னு நம்பி கேக்கல. நாளைக்கு ஒருத்திக்கு ஒண்ணு ஆயி, நாம அடிச்சமே, அதனாலதான்னு அவ உக்காந்துகினு இருக்கக் கூடாது. அதுக்குத்தான். ஆனா பாரு, உன்ன காப்பாத்த முடியல. நீ சங்கிலிய புடிச்சுகினு உக்காந்திருக்க."

அவள் முகம் கோணியது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, இங்கே வந்தும் அழவில்லை என்று அவள் அம்மா பிறகு சொன்னாள். கலியம்மாள் நகர்ந்து வந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். நானும் அழுதேன். என் பிள்ளைக்காக மற்றவர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. ஆண் பிள்ளை. அதையும் அவர்களிடம் சொன்னேன்.

அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நாங்கள் நினைக்கவில்லை, அவளும் வரவில்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. அரிகரன் ஞாயிற்றுக்கிழமைதோறும் கரையாம்புத்தூர் போய்வந்தான். பட்டி கேட்டு மறுபடி வரவில்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள், அரிகரனின் வண்டி கடை வாசலில் நின்றது. பின்னாலிருந்து ஜெயசுதா இறங்கினாள். அவன் வண்டியிலேயே இருந்துகொண்டான்.

"வந்துட்டியா" என்றேன்.

"நேத்து வந்தேன்." அவள் கடைக்குள் அங்குமிங்கும் பார்த்தாள். "பலகை அங்கியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். அத்ததான் தொடச்சு வச்சிருக்காங்க."

"நல்லது."

"அக்கா, அன்னிக்கு ரெண்டு கொக்கி எடுத்து வச்சீங்களாமே."

இழுப்பறையைத் திறந்தேன். காகிதம் மடித்தபடியே இருந்தது. பித்தளை கொஞ்சம் கறுத்திருந்தது. முந்தானையில் துடைத்து அவள் கையில் வைத்தேன். அவள் ஒன்றை விரலில் மாட்டிப் பார்த்தாள். மோதிரத்துக்குப் பாதிகூட இல்லை, அவ்வளவு சின்னது.

"சின்னப் பலகைய மாட்டப் போறேன்" என்றாள். "அவரு பத்திரமா வச்சிருந்தாரு."

"இன்னா எழுதப் போறீங்க?"

"ஒண்ணும் எழுதல. பேரு வைக்கலியே." கொக்கியைப் பார்த்தபடி சொன்னாள். "சும்மா மாட்டுறோம். சுவத்துல ஒரு எடம் இருக்கட்டும்."

தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கொக்கிகளை மடித்து வைத்துக்கொண்டு, "ஆணி வேணும். ரெண்டு. டிரில்லு வேணாம். நானே அடிக்கிறேன்" என்றாள்.

கான்கிரீட் ஆணி டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். மூடியில் கை வைத்ததோடு நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக இந்த டப்பாவைத் திறக்குமுன் என் வாய் தானாகக் கேட்கிற கேள்வி தொண்டை வரை வந்திருந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரையும் கேப்பீங்களே. என்ன கேக்கலியா?"

"வேணாம்டி."

"கேளுங்கக்கா."

வெளியே அரிகரன் வண்டியை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

கேட்டேன். "வூட்டுல யாராவது முழுகாம இருக்காங்களா?"

"இல்லக்கா" என்றாள் ஜெயசுதா. "யாரும் இல்ல."

நான் டப்பாவைத் திறந்தேன்.